நர்சுக்கு டாக்டர் கையெழுத்து: காவலா? கட்டணமா?

அமெரிக்காவில் உயர் பயிற்சி பெற்ற நர்சு ஒருவர் சொந்தமாக கிளினிக் திறக்க நினைத்தால், பல மாநிலங்களில் அவர் முதல் வேலையாக ஒரு டாக்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த டாக்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கிளினிக் நடக்கும். நாளை அவர் விலகிக் கொண்டால் கிளினிக் நின்றுவிடும். நடுவில் மாட்டிக் கொள்பவர் நோயாளி.

அங்கே 60 ஆண்டுகளாக இந்த வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் இப்போது நர்சுகளுக்குக் கூடுதல் பொறுப்புகள் கொடுக்கப்பட்டு வருகின்றன. ஆகவே அங்கே நடந்ததைத் தெரிந்து கொள்வது நமக்கு நல்லது.

யார் இவர்கள்?

இவர்களுக்கு "நர்ஸ் பிராக்டிஷனர்" என்று பெயர். 1965-ம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா போர்டு என்ற நர்சும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கினார்கள். கிராமங்களிலும் ஏழைகள் வாழும் பகுதிகளிலும் குழந்தைகளைப் பார்க்கப் போதுமான டாக்டர்கள் இல்லை என்பதே காரணம். லொரெட்டா போர்டு 2025 ஜனவரியில் தமது 104-வது வயதில் காலமானார். அவர் காட்டிய வழியில் இன்று 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லைசென்சு பெற்றிருக்கிறார்கள்.

இவர்கள் முதலில் நர்சாகத் தேறி, பிறகு முதுகலைப் படிப்போ அதற்கு மேலோ படித்து, தனிப் பரீட்சையும் எழுதியவர்கள். நோயாளியைப் பரிசோதிப்பது, ரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுப்பது, நோயைக் கண்டுபிடிப்பது, மருந்துச் சீட்டு எழுதுவது எல்லாம் இவர்கள் வேலை.

மாநிலத்துக்கு ஒரு சட்டம்

அமெரிக்காவில் லைசென்சு கொடுப்பது மாநில அரசு. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இவர்களைத் தனித்து இயங்க அனுமதித்துவிட்டன. கன்சாஸ் 2022-ல் அந்த வரிசையில் சேர்ந்தது. மற்ற மாநிலங்களில் டாக்டருடன் ஏதாவது ஒரு வகை ஒப்பந்தம் வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்தில் மருந்து எழுதும் அதிகாரத்தை டாக்டர்தான் எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். 2013-ல் வந்த சட்டப்படி, பொதுவாக ஒரு டாக்டர் முழு நேரக் கணக்கில் 7 பேருக்கு மேல் அப்படிப் பொறுப்பேற்க முடியாது. மிசௌரியில் நர்சு எழுதிய நோயாளிக் குறிப்புகளில் நூற்றுக்குப் பத்தையாவது 14 நாளுக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும் என்று விதி. கலிபோர்னியா நடு வழியைப் பிடித்தது. அங்கே 2020-ல் இயற்றிய சட்டம் 2023-ல் அமலுக்கு வந்தது. அதன்படி 3 ஆண்டு அல்லது 4,600 மணி நேரம் மேற்பார்வையில் வேலை பார்த்த நர்சு, அதன்பின் படிப்படியாகத் தனித்து இயங்கலாம்.

டாக்டரைத் தேடும் படலம்

பெரிய ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் நர்சுக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை. நிர்வாகமே டாக்டரை ஏற்பாடு செய்துவிடும். திண்டாடுவது சொந்த கிளினிக் திறப்பவரும், டாக்டரே இல்லாத சிற்றூருக்குப் போக முன்வருபவரும்தான்.

அவர்கள் முதலில் போவது, முன்பு கூட வேலை பார்த்த டாக்டரிடம். இவருடைய கைத்திறன் அவருக்குத் தெரியும். அவருடைய குணம் இவருக்குத் தெரியும். அங்கே காரியம் நடக்காவிட்டால் நர்சுகள் சங்கம், தெரிந்தவர்களின் சிபாரிசு என்று அலைகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால், நர்சையும் டாக்டரையும் சேர்த்து வைக்கவே கம்பெனிகள் இருக்கின்றன. கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு பக்கமும் ஜாதகம் பார்த்துப் பொருத்தி, கட்டணம் வாங்கிக் கொள்கின்றன.

டாக்டருக்கும் மாதா மாதம் பணம் கொடுக்க வேண்டும். சில நூறு டாலரும் உண்டு, ஆயிரக்கணக்கிலும் உண்டு. புதிதாகக் கடை விரித்தவருக்கு இது வாடகைக்கு மேல் இன்னொரு வாடகை.

விவரம் தெரிந்தவர்கள் ஒப்பந்தம் எழுதும்போது சில விஷயங்களைக் கறாராகப் பேசி வைக்கிறார்கள். நர்சு பார்க்கும் நோய்களில் டாக்டருக்கு அனுபவம் உண்டா? சந்தேகம் வந்தால் எத்தனை மணிக்குள் போனில் கிடைப்பார்? அவர் ஊரில் இல்லாத நாளில் பதில் டாக்டர் யார்? வழக்கு வந்தால் இன்சூரன்சு யாருக்குப் பொறுப்பு? விலகுவதானால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். டாக்டர் ஓய்வு பெறலாம், வேறு மாநிலத்துக்குப் போகலாம், இறந்தும் போகலாம். மாற்று ஏற்பாடு இல்லையென்றால், ஒப்பந்தம் கட்டாயமான மாநிலத்தில் நர்சு மறுநாள் மருந்துச் சீட்டு எழுத முடியாது. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதந்தோறும் அவரிடம் வந்த கிராமத்து முதியவர் எங்கே போவார்?

இரு தரப்பு வாதம்

டாக்டர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. படிப்புக் காலத்தில் ஒரு டாக்டர் நோயாளிகளுடன் பயிற்சி பெறுவது பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல்; இந்த நர்சுகளின் படிப்பில் கட்டாயமானது சில நூறு மணி நேரமே. ஆகவே மேற்பார்வையை விடக்கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் வாதாடுகிறது.

நர்சுகள் தரப்பில் நியூயார்க்கில் நடந்த ஆராய்ச்சியைக் காட்டுகிறார்கள். 2000-ம் ஆண்டு வெளியான அதில், 1,316 நோயாளிகளில் நர்சு பார்த்தவர்களுக்கும் டாக்டர் பார்த்தவர்களுக்கும் உடல்நிலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளைப் பற்றி 2022-ல் வந்த ஆராய்ச்சி, நர்சு பார்த்தவர்கள் 11 சதவிகிதம் கூடுதல் நேரம் தங்க நேர்ந்தது என்றது. வழக்கமான நோய்க்குத் தொடர்ந்து வரும் நோயாளி வேறு. நடு இரவில் நெஞ்சு வலி என்று வருபவர் வேறு. இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குத் தெரிவது இதுதான்.

2020-ல் கொரோனா வந்தபோது பல மாநில கவர்னர்கள் இந்த ஒப்பந்த விதியைத் தாற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். ஆபத்துக் காலத்தில் தேவைப்படாத கையெழுத்து, சாதாரண நாளில் மட்டும் ஏன் என்று நர்சுகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நம் நாட்டில்...

இந்தியாவில் 2016-ல் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு வந்தது. 2018-ல் பிரசவ சேவைக்கும் இத்தகைய பயிற்சிக்கு மத்திய அரசு வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு தொடங்கிய நலவாழ்வு மையத் திட்டத்தில், துணை சுகாதார நிலையங்களில் சமுதாய சுகாதார அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். இவர்களில் நர்சுகளே அதிகம். இவர்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டு நடக்க வேண்டும். "ஈ-சஞ்சீவனி" மூலம் நோயாளியைத் தூரத்து டாக்டருக்குக் காட்டும் வசதியும் உண்டு.

2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், டாக்டர் அல்லாத சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்கு உட்பட்ட லைசென்சு கொடுக்கலாம் என்றது. உடனே டாக்டர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அமெரிக்கா பார்த்த அதே சண்டைதான்.

நம் ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. இங்கே நர்சு பணம் கொடுத்து டாக்டரைத் தேட வேண்டியதில்லை. அரசே டாக்டரைக் காட்டுகிறது. ஆனால் காட்டப்பட்ட டாக்டர் பணியிடம் காலியாக இருந்தால்? அல்லது நூறு நோயாளிகள் வாசலில் நிற்க, போன் மணியை எடுக்க அவருக்கு நேரமில்லை என்றால்? காகிதத்தில் மேற்பார்வை இருக்கும். நோயாளிக்குப் பயன் இருக்காது.

ஆபீசில் பைல் பார்க்கும் நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து உண்டு. படிக்காமலே போட்ட கையெழுத்தும் உண்டு. தவறு நடந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். பைலில் தவறினால் திருத்திக் கொள்ளலாம். மருந்தில் தவறினால் உயிர் போகும்.

ஆகவே சட்டம் கையெழுத்தைக் கேட்பதோடு நிற்கக்கூடாது. டாக்டர் எத்தனை முறை குறிப்புகளைப் பார்த்தார், கேட்ட நேரத்தில் பதில் சொன்னாரா, அவர் இல்லாவிட்டால் யார் பொறுப்பு என்பதைக் கணக்குக் கேட்க வேண்டும். புதிய நர்சுக்கு இந்தத் துணை அவசியம். ஆண்டுக் கணக்கில் அனுபவம் பெற்றவருக்கு, கலிபோர்னியா செய்தது போல, படிப்படியாகக் கட்டை அவிழ்க்கலாம்.

காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிக் கொண்டு வரும் தாய்க்கு, எதிரே இருப்பவர் நர்சா டாக்டரா என்ற வழக்கு முக்கியம் இல்லை. தெரிந்தவர் பார்க்க வேண்டும். தெரியாதபோது கேட்க அவருக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளை உறுதி செய்வது அரசின் கடமை.