பூ நிற்க வாழைமரம் போதும்

மதுரையில் கல்யாண மேடைகளுக்குப் பூ அலங்காரம் செய்வது இருபத்திரண்டு வருடமாக என் தொழில். பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறியதும் மேடையைப் பிரிப்பதும் நாங்கள்தான். ரோஜா, சம்பங்கி, செண்டுமல்லி எல்லாம் சாக்கில் அள்ளி உரக்குழிக்குப் போய்விடும். பச்சை ஸ்பாஞ்சுக்கு மட்டும் போக்கிடம் கிடையாது.

செங்கல் அளவில் இருக்கும் அந்தக் கட்டியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் விட்டால் குடித்துக்கொண்டே மூழ்கும். காம்பைக் குத்தினால் குத்திய இடத்தில் நிற்கும். 1954-ல் அமெரிக்காவில் வெர்னான் ஸ்மித்தர்ஸ் கொண்டுவந்த பொருள். பார்க்கப் பஞ்சு போலிருந்தாலும் பீனால், பார்மால்டிஹைடு சேர்த்துச் செய்த பிளாஸ்டிக்தான் அது. ஒருமுறை துளை விழுந்தால் மறுமுறை பிடிக்காது. கையால் அழுத்தினாலே பொடியாகும். அந்தப் பொடி கலந்த தண்ணீரை மண்டபத்துச் சாக்கடையில்தான் நானும் பல வருடம் கொட்டினேன். அந்தத் துகள்களை நீர்வாழ் உயிரினங்கள் தின்கின்றன என்று ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு காட்டியிருக்கிறது. லண்டன் செல்சீ மலர்க் கண்காட்சியை நடத்தும் அரச தோட்டக்கலைச் சங்கம், 2021 முதல் தன் கண்காட்சிகளில் இந்த ஸ்பாஞ்சுக்கு இடமில்லை என்று அறிவித்துவிட்டது.

“ஜெர்பெராவும் கார்னேஷனும் வந்த பிறகு வேறு எதில் குத்துவது?” என்று தொழிலில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். வாழைமரத்தில் குத்தலாம். குலை வெட்டிய மரம் தோட்டத்தில் சும்மா கிடக்கிறது, உள்ளே முழுக்கத் தண்ணீர். ஒரு முழத் துண்டாக நறுக்கி, அடியைத் தட்டையாகச் சீவி, கூரான மூங்கில் குச்சியால் முதலில் துளை போட்டுப் பிறகு காம்பைச் செருக வேண்டும். நேரே குத்தினால் ஜெர்பெரா காம்பு மடங்கிவிடும். வாழைச்சாறு மேடைத் துணியில் பட்டால் கறை போகவே போகாது. அதனால் முதல்நாளே நறுக்கிச் சாறு வடியவிடுகிறேன். பெரிய அண்டாவில் வைப்பதென்றால் கோழிவலைக் கம்பியைக் கசக்கி உள்ளே திணித்துத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஸ்பாஞ்சு இருந்தால் பூ வாடாது என்ற நம்பிக்கையும் சரியில்லை. பூவின் ஆயுள் காம்பில் இருக்கிறது. ஓசூர் ரோஜா பெட்டியிலிருந்து வந்ததும், காம்பின் அடியைத் தண்ணீருக்குள் வைத்தே ஓர் அங்குலம் சாய்வாக வெட்ட வேண்டும். வெளியே வெட்டினால் காற்றுக் குமிழி குழாயை அடைத்து, நீர் ஏறாமல் தலை தொங்கும். தண்ணீரில் முங்கும் இலைகளை உருவிவிட வேண்டும். அழுகினால் கிருமி பெருகிக் காம்பை அடைக்கும். ஜெர்பெராவுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், ஆழத்தில் வைத்தால் காம்பு அழுகும்.

இன்னொன்று, மண்டபங்களில் நான் அடிக்கடி பார்ப்பது. தாம்பூலப் பைக்கு வாங்கிய வாழைப்பழத் தார்களை அடுக்கிய அறையிலேயே பூப்பெட்டிகளையும் இறக்குவார்கள். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பட்ட கார்னேஷன் விடிவதற்குள் இதழ் சுருண்டுவிடும். பூவுக்குத் தனி அறை கேளுங்கள்.

மாலை வரவேற்பிலிருந்து மறுநாள் காலை முகூர்த்தம் வரை, பதினைந்து மணி நேரம் பூ நின்றால் எங்கள் வேலை முடிந்தது. அதற்கு வாழைமரம் தாராளமாகத் தாங்கும். வாசலில் கட்ட மரம் கொண்டுவரும் வண்டியிலேயே குலை வெட்டிய நாலு மரத்தையும் சேர்த்து ஏற்றிவரச் சொல்லலாம். நறுக்கவும் துளை போடவும் இரண்டு ஆள் கூலி கூடுதலாகும், உண்மைதான். ஸ்பாஞ்சு வாங்கும் காசில் அதைக் கொடுத்துவிடலாம்.

கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்கும் அன்று, அலங்காரக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: “பூவை எதில் குத்துவீர்கள்?” நீங்கள் ஸ்பாஞ்சு வேண்டாம் என்று சொன்னால் நாங்கள் வைக்க மாட்டோம்.