நெல்லுக்கும் உப்புக்கும் ஒரே படி

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஓரமாக நின்று பாருங்கள். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக், ஆஸ்திரேலியா மரம். அதில் ஏறியிருக்கிற மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடி. காப்பிக்குத் தாய்வீடு எத்தியோப்பியா. மலை இறங்கி சேலம் பக்கம் வந்தால் ஜவ்வரிசிக்குப் போகிற மரவள்ளி, தென் அமெரிக்கக் கிழங்கு. இதெல்லாம் வெளிநாட்டுப் பயிர், வேண்டாம் என்று தள்ளினால் நம்ம குழம்பில் மிளகாய்கூட இருக்காது. பண்டமும் விதையும் ஊர்விட்டு ஊர் போவதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்தவன் வீட்டில் என்ன மிஞ்சுது என்பதுதான் என் கேள்வி.

சங்க காலத்தில் உமணர்கள் கடற்கரை உப்பை வண்டியில் ஏற்றி உள்நாடு முழுக்கக் கொண்டு போனார்கள். நெல்லுக்கு உப்பு, அளவுக்கு அளவு என்று கூவி விற்றதை அகநானூறு சொல்கிறது. தேனும் கிழங்கும் கொடுத்து மீன் நெய்யும் கள்ளும் வாங்கியதைப் பொருநராற்றுப்படை சொல்கிறது. அந்த மாற்றில் ஒரு நியாயம் இருக்கு. கொடுக்கிறவரும் வாங்குறவரும் முகம் பார்த்துப் பேசி அளவைத் தீர்மானிச்சாங்க.

தூரம் கூடினால் இந்த நியாயம் தேயும். நம் மிளகு கப்பலேறி ரோமாபுரிக்குப் போனது. செங்கடல் கரையில் உள்ள பெரெனிகே துறைமுகத்தில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகோடு ஒரு பானையைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி புலம்பினார். மிளகு அங்கே என்ன விலை என்றும் எழுதினார். மலையில் அதைப் பறித்தவருக்கு என்ன கிடைத்தது என்ற பேச்சு அவரிடம் இல்லை.

சேர்வராயன் மலையிலும் அதே கதைதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு எஸ்டேட்டுகள் பெருகின. மலையாளிப் பழங்குடி மக்களின் சாமையும் கேழ்வரகும் ஒதுங்கின. இன்னைக்கு அரபிகா விலை நியூயார்க் சந்தையில் முடிவாகுது. பிரேசிலில் பனி கொட்டினால் இங்கே விலை ஏறும். அங்கே அமோகமாக விளைந்தால் இங்கே சரியும். காப்பியை வித்துட்டு, ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிக்கிறோம்.

காப்பியை வெட்டச் சொல்லவில்லை. கொஞ்ச நிலமாவது வீட்டுச் சோத்துக்கு ஒதுக்குவோம். சாமையைக் கைவிட்டதற்கு உமி நீக்குற பாடும் ஒரு காரணம். அந்தப் பாடு முழுக்கப் பெண்கள் தலையில்தான் விழுந்தது. ஊருக்கு ஒரு சின்ன உமி நீக்கும் எந்திரம் பொதுவில் இருந்தால் சாமை திரும்பும்.

அடுத்தது, சமவெளி இயற்கை உழவர்கள் மலையோடு நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். மலைச் சாமை, தேன், மிளகுக்கு எங்கள் பக்கத்து நெல்லும் செக்குக் கடலையெண்ணெயும். அளவை இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுவோம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையே திரண்டு வரும். மலை மக்கள் சம்மதித்தால், அந்த நாளில் ஆளுக்கொரு கைப்பிடி விதையை மாற்றிக்கொள்ளலாம்.

தின்றது போக மிச்சத்தை விற்பவர்தான் ‘இந்த விலைக்குக் கட்டாது’ என்று சொல்ல முடியும். எல்லாத்தையும் வித்துட்டு நிக்கிறவருக்கு அந்த வார்த்தை வாயில் வராது.