மூலிகை என்ற சொல் போதாது

டோம்பிவிலியின் மழைக்காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீள்கிறது. அரிசியும் பருப்பும் பூசணம் பிடிக்காமலிருக்க வீடுதோறும் கவனம் மிகுதி. காலைக் காப்பிக்குப் பால் தரும் எருமை தின்ற பிண்ணாக்கு அதே ஈரக்காற்றில் எப்படிக் கிடந்தது என்று கேட்பவர் அரிது.

கேட்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் முதலிய பூஞ்சைகள் நிலக்கடலைப் பிண்ணாக்கிலும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளடாக்சின் பி1 என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. கால்நடையின் கல்லீரல் அதன் ஒரு பகுதியை எம்1 என்ற வடிவுக்கு மாற்ற, அது பாலில் இறங்குகிறது, காய்ச்சினாலும் அழிவதில்லை. இந்தியாவில் பாலில் அதற்கான வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நடத்தி, 2019இல் வெளியிட்ட நாடளாவிய ஆய்வில் 6,432 பால் மாதிரிகளுள் 368 இவ்வரம்பை மீறின. அவற்றுள் 88 தமிழ்நாட்டு மாதிரிகள். மாநிலங்களுள் அதுவே மிக அதிகம்.

இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுபவற்றுள் தாவரத் தீவனச் சேர்க்கைகளும் அடங்கும். அவற்றைப் புறந்தள்ள வேண்டியதில்லை. எனினும் ‘மூலிகை நச்சுமுறி’ என்ற ஒரே தொடர், வெவ்வேறான மூன்று வினைகளை மறைத்துவிடுகிறது: தடுத்தல், கட்டுதல், காத்தல். கிராம்பு எண்ணெயின் யூஜெனால் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்க வல்லது. ஆனால் முன்பே உருவாகிவிட்ட நஞ்சு, பூஞ்சை மடிந்த பின்னும் தீவனத்தில் எஞ்சும். குடலில் அஃப்ளடாக்சினைக் கட்டி வெளியேற்றுவதற்குப் பெரிதும் பயன்படுவது பெண்டோனைட் போன்ற களிமண், அது தாவரமன்று. மஞ்சளின் குர்குமின், கறிக்கோழிகளில் நடந்த ஆய்வுகளில் கல்லீரல் சேதத்தைக் குறைத்துள்ளது, இது காத்தல்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கல்லீரல் காக்கப்பட்ட மாடு நலமாகத் தோன்றலாம். அதன் பாலில் எம்1 குறைந்துவிட்டது என்பதற்கு அத்தோற்றம் சான்றாகாது. உழவருக்குத் தேவை மாட்டின் நலம். பால் குடிக்கும் குழந்தைக்குத் தேவை நஞ்சற்ற பால். ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்கானதாகக் காட்டுவது முறையாகாது. ‘இயற்கையானது’ என்ற வாதமும் இங்கே நில்லாது. அஃப்ளடாக்சினும் இயற்கையின் விளைபொருளே.

ஆகவே தீவனச் சேர்க்கையின் மூட்டையில் மூன்று செய்திகள் அச்சிடப்பட வேண்டும்: எந்த நஞ்சுக்கு எதிரானது, மூன்று வினைகளுள் எதைச் செய்கிறது, கறவை மாட்டின் பாலில் எம்1 அளந்து சோதிக்கப்பட்டதா. அவை உழவர் படிக்கும் மொழியில், தமிழ்நாட்டில் தமிழிலும் மகாராட்டிரத்தில் மராத்தியிலும், இருக்க வேண்டும். தானியத்தை நன்கு உலர்த்துவதற்கும், மூட்டைகளைத் தரையில் படாமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்குவதற்கும் எந்த மூலிகையும் மாற்றாகாது என்பதையும் அதே மூட்டை சொல்லட்டும்.