வில்லங்கச் சான்று பக்கா... ஆனால் அக்கா கையெழுத்து எங்கே?

பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறது. வீட்டு வரி, கரன்ட் பில் எல்லாமே அவர் பெயரில்தான். ஆன்லைனில் எடுத்த வில்லங்கச் சான்றில் 30 வருஷத்துக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ‘டாக்குமென்ட் பக்கா சார், அட்வான்ஸ் போட்டுரலாம்’ என்கிறார் புரோக்கர்.

சொந்த வீடு தேடும் பலரும் இந்த இடத்தில்தான் பணத்தை எடுத்து நீட்டுகிறார்கள். ஆனால், அந்த வீட்டை வாங்கிய அப்பா இறந்து சில வருஷம் ஆகிவிட்டது, அவருக்கு இரண்டு மகள்களும் உண்டு என்றால்? அந்த விஷயம் மேலே சொன்ன எந்தப் பேப்பரிலும் இருக்காது.

வில்லங்கச் சான்று எதைக் காட்டும்?

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. கிரையம், அடமானம், தானம் எல்லாம் அதில் வரும். ஆனால் ஒருவரின் மரணம் பத்திரமாகப் பதிவாவதில்லை. உயில் எழுதாமல் அப்பா இறந்த அந்த நிமிடமே சொத்து வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. பத்திரம் இல்லை, அதனால் பதிவும் இல்லை. பட்டாவும் வருவாய்த் துறை ஆவணம்தான். அது மட்டுமே உரிமையை முடிவு செய்துவிடாது.

யாருக்கு எவ்வளவு?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, அப்பா சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அப்பாவின் அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்பது கணக்கே இல்லை.

அம்மா, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நான்கு பங்கு. அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டால், முழு விலை கொடுத்தவருக்குச் சட்டப்படி கிடைப்பது கால் வீடு. அதிலும் அது பிரிக்கப்படாத குடும்ப வீடாக இருந்தால், வெளியாள் உடனே உள்ளே குடிபோக உரிமை கேட்க முடியாது. பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டியதுதான்.

பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டு வந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கியது. திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. முஸ்லிம், கிறிஸ்தவ வாரிசுச் சட்டங்களில் பங்கின் அளவு மாறலாம். ஆனால் அங்கும் மகளுக்குப் பங்கு உண்டு.

‘அதான் சீர் செஞ்சாச்சே!’

நகை போட்டதாலோ, சீர் செய்ததாலோ மகளின் பங்கு தீர்ந்துவிடாது. ‘எனக்கு எதுவும் வேண்டாம்’ என்று வாயால் சொன்னாலும், 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாலும் போதாது. விட்டுக்கொடுப்பது பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரமாக இருக்க வேண்டும். அண்ணன் தனியாக வீட்டு வரி கட்டினார் என்பதற்காக மட்டும் மற்றவர்களின் பங்கு அவருக்கு வந்துவிடாது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

* மூலப்பத்திரத்தில் இருப்பவர் இறந்திருந்தால், இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள்.

* பாட்டியை மறக்க வேண்டாம். அப்பாவுக்குப் பிறகு பாட்டி இறந்திருந்தால், அவருடைய பங்கில் சித்தப்பா, அத்தைக்கும் உரிமை வந்திருக்கும்.

* எல்லா வாரிசுகளும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்திருந்தால், அது ரத்தாகவில்லை, அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை உறுதி செய்யுங்கள்.

* 18 வயது நிரம்பாத வாரிசு இருந்தால், அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. அனுமதி இல்லாத விற்பனையை அந்தப் பிள்ளை மேஜரான பிறகு 3 வருஷத்துக்குள் எதிர்த்து வழக்குப் போடலாம்.

* உயில் இருக்கிறது என்றால் அசலைப் பாருங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை.

வங்கிக் கடனுக்குப் போகும்போது வக்கீல் இதையெல்லாம் கேட்பார்தான். ஆனால் அதற்குள் அட்வான்ஸ் கைமாறி இருக்கும். வக்கீலின் கருத்தை முதலிலேயே வாங்குவதுதான் லாபம்.

‘உங்க அக்கா, தங்கச்சி சம்மதிச்சாங்களா?’ என்று விற்பவரிடம் கேட்க நிறைய பேர் கூச்சப்படுகிறார்கள். அது அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடுவது அல்ல. வில்லங்கச் சான்று வாரிசுகளைக் காட்டாத வரை, அந்தக் கேள்வியை வாங்குபவர்தான் கேட்டாக வேண்டும். குடும்பங்களும் ‘சும்மா ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா’ என்று சொல்வதை நிறுத்த வேண்டும். அவர் வந்திருப்பது சாட்சிக் கையெழுத்துப் போட அல்ல, தன் வீட்டை விற்க.