சீட்டுப் பணத்தில் ஓர் எரிமலைப் பயணம்!

“எரிமலையைப் பாக்கவா? ஏம்மா, நம்ம ஊரு வெயில் போதலையா?”

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் அந்த வீட்டு வாசலில் முதலில் எழுந்த கேள்வி இதுதான். பெசன்ட் நகர் கடற்கரைக்கும் அடையாறு முகத்துவாரத்துக்கும் நடுவே இருக்கும் மீனவக் குப்பம். மீன் வியாபாரம் செய்யும் அம்மா, ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகும் அப்பா, ஒன்பதாம் வகுப்பு முடிக்கப்போகிற மகள், அப்பாவைப் பெற்ற ஆயா என்று நான்கு பேர் உள்ள வீடு. எரிமலை ஆசையைக் கிளப்பிவிட்டது மகள். சமூக அறிவியல் பாடத்தில் எரிமலை வந்தது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அந்தமானில் இருக்கிறது, அதுவும் நம் வங்காள விரிகுடாவைத் தாண்டினால் வந்துவிடும் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“பேர் என்ன?” என்று கேட்டார் ஆயா.

“பேரன் தீவு.”

“யாரு பேரன்?”

‘பேரன்’ என்பது ஆங்கிலத்தில் வெறுமையாகக் கிடக்கும் நிலத்தைச் சொல்லும் வார்த்தை என்று மகள் விளக்கியும், ஆயாவுக்கு அது கடைசி வரை யாரோ ஒருவர் பேரனின் தீவாகத்தான் இருந்தது.

பணம்? அம்மா கட்டிக்கொண்டிருந்த ஐம்பதாயிரம் ரூபாய் ஏலச் சீட்டு. மாதம் 2,500, இருபது பேர். அவசரத்துக்கு எடுத்ததில் தள்ளு போகக் கைக்கு வந்தது 44,000. அது முதலில் கூரை மாற்றுவதற்காக வைத்திருந்த பணம். “கூரை அடுத்த வருஷம் இருக்கும். புள்ள இந்த வயசுல இருக்குமா?” என்று அம்மா சொன்னதோடு வீட்டில் பேச்சு முடிந்தது. அப்பா மட்டும் வரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் சின்னப் படகுகள் கொண்டுவரும் மீனுக்குத்தான் கிராக்கி. “நாளெல்லாம் கடல்லதான் கெடக்கறேன். காசு குடுத்து இன்னொரு கடலுக்குப் போவணுமா? நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்.

ஆக மூன்று பேர், 44 ஆயிரம் ரூபாய், 2025 ஏப்ரல் கடைசி. முழுப் பரீட்சை முடிந்த கையோடு கிளம்ப வேண்டும். மே பாதி தாண்டினால் அந்தமானில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அந்த வருஷம் மே 13-ம் தேதியே பிடித்தும்விட்டது.

குறைந்த செலவில் அந்தமான் என்று தேடினால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது சென்னைத் துறைமுகத்திலிருந்து போகும் அரசுப் பயணிகள் கப்பலைத்தான். சுமார் 1,200 கிலோமீட்டர். அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகும், மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கூடத்தில் அடுக்கடுக்கான படுக்கைகள் கொண்ட பங்க் வகுப்புக்கு ஆளுக்கு மூவாயிரம் ரூபாயை ஒட்டி வரும். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். முன்கூட்டியே பதிவு செய்ததில் அந்த வாரம் ஆளுக்கு 5,500 காட்டியது.

பார்த்தவுடனே எவரும் கப்பல்தான் மலிவு என்பார்கள். அந்த வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால், மகள் ரஃப் நோட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு வேறு மாதிரி வந்தது.

அம்மா ஒரு நாள் கடை போடவில்லை என்றால் கையை விட்டுப் போவது 800 ரூபாய். மாதச் சம்பளக்காரர்களுக்கு லீவு என்று ஒன்று உண்டு. கூடையில் மீன் விற்பவருக்கு லீவும் ஒரு செலவு. பயணக் குறிப்பு எழுதுபவர்கள் யாரும் சேர்க்காத செலவு இது.

கப்பல் தினமும் கிடையாது. மாதத்தில் சில நடைகள்தான், அந்தத் தேதியும் மாறலாம். கப்பலில் போய்க் கப்பலிலேயே திரும்புவது என்றால், சுற்றிப் பார்த்து முடித்த பிறகு அடுத்த கப்பலுக்காக ஐந்து நாளாவது காத்திருக்க வேண்டி வரலாம். லாட்ஜ், சாப்பாடு என்று நாளுக்கு 2,100 வீதம் அதுவே 10,500. கப்பலில் மூன்று நாள் சாப்பாடு 1,800. எட்டு நாள் வியாபாரம் போவதில் 6,400. மொத்தம் 18,700. இவ்வளவையும் இழந்து மிச்சம் பிடிப்பது மூன்று டிக்கெட்டிலும் சேர்த்து 7,500 ரூபாய்! திரும்பும்போது விமானம்தான் மலிவு.

போகும்போது அப்படி இல்லை. புறப்படும் நாள் தெரிந்த பிறகுதான் வீட்டைப் பூட்டுகிறோம், காத்திருப்பு இல்லை. சாப்பாட்டுக்கு 1,800, மூன்று நாள் வியாபாரம் 2,400, ஆக 4,200 போனாலும் டிக்கெட்டில் 7,500 மிச்சம். கையில் நிற்பது 3,300. போவது கப்பல், வருவது விமானம் என்று முடிவானது இப்படித்தான். உங்கள் வீட்டுக் கணக்கில் அந்த 800 வேறு எண்ணாக இருக்கும். அதை மாற்றிப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கான விடை வந்துவிடும். நாள் கூலி அதிகமாக அதிகமாகக் கப்பல் மலிவு என்பது பொய்யாகிக்கொண்டே போகும்.

ராஜாஜி சாலையில் உள்ள அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் அலுவலகத்தில் டிக்கெட். அடையாள அட்டை கட்டாயம். பங்க் வகுப்புக்குப் போர்வையும் தலையணை உறையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுவது நல்லது. வாந்திக்கு மாத்திரை, ஒரு குடம் ஊறுகாய் சோறு, பொழுதுபோக்க ஏதாவது... கரை மறைந்ததும் செல்போனில் சிக்னல் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை முதல் ராத்திரியே குடல் புரள வாந்தி எடுத்ததும், அறுபதைத் தாண்டிய ஆயா மேல்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டதும் அப்பாவுக்கு இன்றும் தெரியாத ரகசியம்.

போர்ட் பிளேர் என்று நமக்குப் பழகிய ஊருக்கு, 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அபர்தீன் பஜார் பக்கம் இறங்கினால் பாஷை ஒரு பிரச்னையே இல்லை. ஆட்டோவில், மெஸ்ஸில், மளிகைக் கடையில் தமிழ் கேட்கும். முருகன் கோயில்கூட உண்டு. 1,200 ரூபாயில் மூன்று பேர் தங்கும் அறை கிடைத்தது. சீசன் முடியும் நேரம் என்பதால் பேரம் படிந்தது.

இங்கே அவர்களுக்கு ஒரு பெரிய செலவு மிச்சம். அந்தமான் போகிற எல்லோரும் ஹேவ்லாக், நீல் தீவு என்று கடற்கரை கடற்கரையாகப் பணத்தைக் கொட்டுவார்கள். இவர்களுக்குக் கடற்கரை வீட்டு வாசல். கடலைப் பார்க்கக் காசு செலவழிக்காத சுற்றுலாக் குடும்பம் அந்த வாரம் இது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பதிலாக ஆயா மீன் மார்க்கெட்டில் அரை நாள் செலவழித்தார். சூரையைத் தூக்கிப் பார்த்து, செவுளைப் பிரித்துப் பார்த்து, விலை கேட்டு, வாங்காமல் வந்தார். அதைவிட மலிவான பொழுதுபோக்கு எந்தப் பயணத்திலும் கிடையாது.

சரி, எரிமலை?

பேரன் தீவு அங்கிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். இந்தியத் தட்டு பர்மாத் தட்டுக்கு அடியில் நுழைகிற இடத்தில், கடலடியிலிருந்து எழும்பி நிற்கும் மலையின் உச்சி மட்டும்தான் தீவாகத் தெரிகிறது. கடலுக்கு மேலே உயரம் சுமார் 350 மீட்டர், கடலுக்குக் கீழே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். 1787-ல் அது வெடித்ததைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு நீண்ட காலம் தூங்கிவிட்டு 1991-ல் விழித்தது. மனிதர்கள் கிடையாது. இறங்கவும் அனுமதி இல்லை. கப்பலிலோ படகிலோ சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தனிப் படகு அமர்த்த என்ன ஆகும் என்று விசாரித்ததில், ஏஜென்ட் சொன்ன தொகை லட்சத்தைத் தாண்டியது. “லட்சமா... ஒரு புது இன்ஜினே வாங்கிடலாம்” என்றார் அம்மா. மகள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

மிச்சமிருந்தது பாராடாங் தீவின் சேற்று எரிமலை. ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர். வண்டி அமர்த்தினால் பல ஆயிரம், அரசுப் பேருந்தில் போனால் சில நூறு. விடியும் முன்பே கிளம்ப வேண்டும். ஜிர்காடாங் என்ற இடத்தில் சோதனைச் சாவடி. அடையாள அட்டையைக் காட்டிப் பதிவு செய்த பிறகு, எல்லா வண்டிகளையும் வரிசையாகச் சேர்த்துக் காவலோடு காட்டுக்குள் அனுப்புகிறார்கள். அது ஜாரவா பழங்குடி மக்களின் வனம். நடுவில் நிறுத்தக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. மீறினால் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இவ்வளவு சொல்லியும், காட்டுக்குள் நுழைந்ததும் பேருந்தில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டார்கள். ‘யாராவது தெரிவார்களா’ என்ற ஆவல். மகளும் எட்டிப் பார்த்தாள். ஆயா அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். “ஞாயித்துக்கிழம நம்ம ஊட்டாண்ட வந்து, நாம கருவாடு காயவெக்கறத போட்டோ புடிச்சிகினு போவாங்களே... அப்ப உனுக்கு எப்டி இருக்கும்?”

உடைந்த பாலத்தைப் பார்க்கவும், கடற்கரையில் படம் எடுக்கவும் வருபவர்களின் கேமராவுக்குள் கேட்காமலே விழுந்து விழுந்து பழகிய குப்பத்திலிருந்து வந்தவருக்கு அது சட்டம் படித்துத் தெரிய வேண்டிய விஷயமாக இல்லை. மகள் மீதி வழியெல்லாம் தூங்கினாள், அல்லது தூங்குவதுபோல் இருந்தாள்.

காடு முடிந்ததும் நீரிணை. பெரிய மிதவைப் படகில் பேருந்தோடு சேர்ந்து அக்கரை. அங்கிருந்து ஷேர் ஜீப். பிறகு கொஞ்சம் மேடேறி நடை. வேலி போட்ட வெட்டவெளியில், நடுவே சாம்பல் நிறத்தில் சேற்றுக் குவியல். உச்சியில் ஒரு குழி. சில நொடிக்கு ஒருமுறை ‘பளக்’ என்று ஒரு குமிழி.

மகள் ரொம்ப நேரம் பார்த்தாள். “இதுக்கா மூணு நாள் வாந்தி எடுத்துகினு வந்தேன்? நம்ம அடையாறு முகத்துவாரத்துலயே இதவிட நல்லா கொப்புளிக்கும்மா!”

ஏமாற்றம் நியாயம்தான். இது நெருப்பைக் கக்கும் எரிமலை இல்லை. பூமிக்கு அடியில் மக்கிய பொருட்களிலிருந்து வரும் வாயு, நீரையும் களிமண்ணையும் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது. சூடும் கிடையாது. படத்தில் பார்த்த செந்நிறக் குழம்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இல்லையென்றால் திரும்பி வரும் வழி நீளமாகத் தெரியும்.

ஆனால், பக்கத்தில் நின்ற தமிழ் ஜீப் டிரைவர் சொன்ன ஒரு தகவல் ஆயாவை நிறுத்திவிட்டது. 2004 டிசம்பரில் அந்தப் பெரிய நிலநடுக்கம் வந்தபோது இந்தச் சேறும் பொங்கியது என்றார் அவர். அடுத்த வருஷமே பேரன் தீவும் வெடித்தது. அதே நிலநடுக்கம் கிளப்பிய அலைதான் டிசம்பர் 26 காலையில் குப்பத்துக்குள் புகுந்தது. அந்த வீட்டின் கட்டுமரமும் இரண்டு வலைகளும் போனது அன்றைக்குத்தான். ஆயா வேலியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குமிழிகளையே பார்த்தார். “இங்கேந்துதான் வந்துதா?” என்று கேட்டார். இங்கேயிருந்து இல்லை, இன்னும் தெற்கே, சுமத்ரா பக்கம் என்று மகள் சொன்னாள். “எங்கேந்தோ... இந்த மண்ணுக்கும் தெரிஞ்சிருக்குது” என்றார் ஆயா. ஜீப் ஹாரன் அடிக்கும் வரை அவர் நகரவில்லை.

அதன் பிறகு மாங்குரோவ் காட்டுக்கு நடுவே படகில் போய்ச் சுண்ணாம்புக் குகை பார்த்தார்கள். உண்மையில் அந்தப் படகுப் பயணம்தான் மகளுக்கு அந்த நாளின் பரிசு. பாராடாங் செலவு, குகைப் படகையும் சேர்த்து, மூன்று பேருக்கு 3,800. ஐந்து ராத்திரி தங்கிவிட்டு விமானத்தில் மீனம்பாக்கத்தில் இறங்கியபோது அம்மாவின் சுருக்குப் பையில் 310 ரூபாய் இருந்தது. மறுநாள் காலை கடை போட்டாயிற்று.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். செப்டம்பரில் பேரன் தீவு ஒரே வாரத்தில் இரண்டு முறை புகைந்து வெடித்தது, கடற்படை எடுத்த காட்சி எல்லோர் செல்போனிலும் ஓடியது. அக்டோபர் 2-ம் தேதி, ‘பளக்’ என்று குமிழி விட்டுக்கொண்டிருந்த அந்தச் சேற்று எரிமலையே இருபது வருஷத்துக்குப் பிறகு சத்தத்தோடு பொங்கியது. சுற்றுலாப் பயணிகளை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். “நாம போனப்ப அது தூங்கிட்டு இருந்துருக்கும்மா!” என்று மகள் கத்தியது தெருவுக்கே கேட்டது. அதே அக்டோபரில் அந்தமான் நிர்வாகம், ராத்திரி கிளம்பிப் பேரன் தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு மறுநாள் மதியம் திரும்பும் கப்பல் சுற்றுலாவை அறிவித்தது. குறைந்த வகுப்புக்கு ஆளுக்கு மூவாயிரத்துச் சொச்சம். தினமும் போகும் கப்பல் இல்லை, தேதியைப் பார்த்துக்கொண்டுதான் மற்ற டிக்கெட்டுகளைப் போட வேண்டும்.

லட்சம் என்று கேட்டுச் சாப்பிடாமல் படுத்த பிள்ளை, ரஃப் நோட்டை மறுபடி எடுத்துவிட்டாள். மூன்று பேருக்குப் பத்தாயிரத்துக்குள். பழைய கணக்கில் பாராடாங்கை அடித்துவிட்டு இதைச் சேர்த்தால், ஆறாயிரம்தான் கூடுதல். இந்த முறை அப்பாவும் வரட்டும் என்று ஒரு வரி எழுதி, அதன் நேரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியட்டும், முதலில் கூரை என்கிறார் அம்மா. புதுச் சீட்டில் நான்கு மாதம் கட்டியாகிவிட்டது.

ஆயாவிடம் கேட்டால், “பேரன் வூட்டுக்குக் கூப்புட்டா போவாம இருக்க முடியுமா?” என்கிறார்.