ஓர் ஆசனத்துக்கு ஓரிரவு

பஸ் வண்டி தரிப்பிடத்தில் நிற்குமுன்பே யன்னலூடாக லேஞ்சியை எறிந்து ஆசனத்தை உரிமையாக்கிக்கொள்ளும் வித்தை நம்மவர்க்குப் பழக்கமானதே. அவ் வித்தை அமெரிக்காவிலே ஒரு தனிச் சாத்திரமாக வளர்ந்துள்ளது என்றால் வாசகர் நகைப்பர். ஆயினும் அது மெய்யே.

கலிபோர்ணியா மாநிலத்தின் தென்கோடியிலுள்ள சான் டியேகோ நகரில் ஆண்டுதோறும் யூலை மாதத்திலே 'கொமிக் கொன்' என்னும் இரசிகர் மகாநாடு கூடுகின்றது. 1970 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 'யூ. எஸ். கிராண்ட்' ஹோட்டலில் அது முதன்முதல் மூன்று நாள் கூடியபோது வந்தோர் ஏறக்குறைய 300 பேர். எழுத்தாளர் றே பிறட்பரியும் ஓவியர் ஜாக் கேர்பியும் விருந்தினராக வந்திருந்தனர். வேண்டியவர் வேண்டிய இடத்தில் அமர்ந்து அவர்களோடு உரையாடியிருக்கலாம். இன்றோ அங்கு திரள்வோர் தொகை 130,000க்கும் மேல். சித்திரக் கதைகளுக்காகத் தொடங்கிய கூட்டத்திலே திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் தலைமையிடத்தைப் பிடித்துக்கொண்டன.

புகழ்பெற்ற நடிகரும் நெறியாளரும் மேடையேறும் பெருங் கூட்டங்கள் 'எச் மண்டபம்' என்னும் அரங்கில் நடைபெறுகின்றன. அதன் ஆசனங்கள் சுமார் 6,500. இருபது பேருக்கு ஓர் ஆசனம் என்னும் இக்கணக்கே இடர்ப்பாட்டுக்குக் காரணம் என எவரும் எண்ணுவர். ஆனால், அதனினும் பெரிய காரணம் வேறொன்று உண்டு. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அம்மண்டபத்தை வெறுமையாக்கும் வழக்கம் அங்கு இல்லை. காலையில் உட்புகுந்தவர் விரும்பினால் மாலைவரை எழாது இருக்கலாம். ஆகவே, பிற்பகல் நான்கு மணிக்கு வரும் நடிகரைக் காண விரும்புவோன் காலை பத்து மணிக்கே ஆசனத்தைக் கைப்பற்றி, தனக்குச் சிறிதும் விருப்பமில்லாத மூன்று நான்கு நிகழ்ச்சிகளைப் பொறுத்துக்கொண்டிருக்கின்றான். காலையில் பேசுபவரின் நிலை இரங்கத்தக்கது. இடைவேளை மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் வகுப்பின்முன் நின்று இலக்கணம் கற்பித்தவர்க்கு அது நன்கு விளங்கும்.

மண்டபத்தை ஒவ்வொரு முறையும் வெறுமையாக்கினால் என்ன என்று கேட்கலாம். ஆறாயிரம் பேரை வெளியேற்றி வேறு ஆறாயிரம் பேரை அமர்த்துவதற்குள் பகற்பொழுதிற் பெரும்பகுதி கழிந்துவிடும். நிகழ்ச்சிகள் குறையும். ஆகையால் வழக்கம் மாறவில்லை, வரிசைதான் நீண்டது. மண்டபத்தின் வெளியே புற்றரையிலே வெண்ணிறக் கூடாரங்களின் கீழும், அதற்கப்பால் கடலோரப் பாதையிலும் இரசிகர் போர்வையும் மடக்கு நாற்காலியுமாக இரவைக் கழிக்கத் தலைப்பட்டனர்.

முந்தி வந்தவர்க்கே முதலிடம் என்னும் விதி நோக்கும்போது நேரியதாகவே தோன்றும். அங்கே செல்வந்தனுக்கும் வறியவனுக்கும் வேற்றுமை இல்லை என்பர். யான் அதனை முற்றும் ஒப்பேன். அவ்வரிசையில் விலை பணமன்று, நேரம். விடுமுறையிலுள்ள மாணவன் அதனைத் தாராளமாகக் கொடுப்பான். கைக்குழந்தையுடன் வந்த தாயும், ஒரேயொரு நாள் விடுப்புப் பெற்று வந்த தொழிலாளியும் எங்ஙனம் கொடுப்பர்?

இப்போட்டி வெறும் விளையாட்டாகவும் நின்றுவிடவில்லை. 2010 ஆம் ஆண்டிலே எச் மண்டபத்தினுள் ஆசனத்தின் பொருட்டு எழுந்த சச்சரவில் ஒருவர் மற்றொருவரைக் கண்ணருகிற் பேனாவாற் குத்திக் காயப்படுத்தினார். 2012 ஆம் ஆண்டிலே, 'டுவைலைட்' படத்தொடரின் நிகழ்ச்சிக்காக மகாநாடு தொடங்குமுன்பே வந்து வரிசையிற் காத்திருந்த பெண்மணி ஒருவர், அருகிலுள்ள வீதியைக் கடக்கையில் மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார்.

2014 ஆம் ஆண்டில் அமைப்பாளர் மணிக்கட்டுப் பட்டி முறையைப் புகுத்தினர். முதல் நாள் மாலையே வரிசையில் நிற்போர் கையிற் பட்டி கட்டப்படும். எந்தப் பகுதியினர் முந்திப் புகுவர் என்பதை அதிலுள்ள எழுத்துக் காட்டும். சிறு குழுவாக வந்தோருள் ஒருவர் இடத்தைக் காத்திருக்க, ஏனையோர் உறங்கச் சென்று விடியற்காலையில் மீளலாம். இம்முறையின் பெரும் பயன் பட்டி பெற்றவர்க்கு அன்று, பெறாதவர்க்கே என்பது என் துணிபு. 'உமக்கு இடமில்லை' என்பதை இருட்டுமுன்பே அவர் அறிந்துகொள்கின்றார். பனியிலே இரவெல்லாம் விழித்திருந்து காலையிற் கதவடைக்கப்படுவதிலும் அது எவ்வளவோ மேல். ஆனால், பட்டிக்காகவே மக்கள் முன்னதாக வந்து நிற்கத் தொடங்கினர். நோய் தீரவில்லை; அது வரும் வேளைதான் மாறிற்று.

சீட்டுக் குலுக்கிப் போடுவதே தக்க வழி என்பார் பக்கம் யான் சாய்கின்றேன். சிக்காகோ நகரில் 2019 இல் நடந்த 'ஸ்டார் வோர்ஸ்' இரசிகர் விழாவிலே முதன்மையான கூட்டங்களுக்கு அவ்வாறே ஆசனம் வழங்கப்பட்டது. பல ஆண்டுகளாக ஏங்கியிருந்தவனும் பொழுதுபோக்க வந்தவனும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றனரே என்று மறுப்பவர் கூறுவர். மறுப்பிலே நியாயம் இல்லாமலில்லை. எனினும் சான் டியேகோவில் நுழைவுச் சீட்டு விற்கப்படுவதும் குலுக்கலை ஒத்த முறையிலேதான். இணையத்திற் காத்திருப்போர் எவ்வொழுங்கும் இன்றித் தெரிந்தெடுக்கப்படுகின்றனர். வெளிவாயிலிலே அதிட்டத்துக்குத் தலைவணங்கியவர் உள்வாயிலில் மட்டும் அதனை ஏன் இகழ்தல் வேண்டும்?

நம்மவருள் சிலருடைய பிள்ளைகள் அந்நாட்டிலே கல்வி பயில்கின்றனர். இவ்விழாவுக்குச் செல்ல எண்ணுவார் இவ்வளவு அறிந்துகொண்டாற் போதும்: பெருங் கூட்டம் ஒன்று முடிந்தவுடன் பலர் எழுந்து வெளியேறுவர், அவ்வேளை பட்டியில்லாதவர்க்கும் இடம் கிடைப்பதுண்டு. இறுதி நாளான ஞாயிற்றுக்கிழமையில் நெருக்கடி பெரும்பாலும் குறைவு. ஓவியரும் கதாசிரியரும் தம் தொழிலைப்பற்றி உரையாடும் சிற்றறைகள் பல உண்டு; ஓரிரவை விற்காமலே அங்கு அமரலாம்.

2023 ஆம் ஆண்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஹொலிவூட் எழுத்தாளரும் நடிகரும் வேலைநிறுத்தஞ் செய்தமையால் பெரும் படநிறுவனங்கள் அவ்வாண்டு விழாவுக்கு வரவில்லை. மண்டபம் அதுவே, ஆசனங்களும் அவையே. முந்திய ஆண்டுகளில் போர்வையோடு காத்துக் கிடந்த அதே வாயிலில், அன்று பலர் நேரே நடந்து உட்சென்று அமர்ந்தனர்.