முப்பத்து மூணு மார்க் இங்கிலீஷ்

போன மாசம் ஒரு சனிக்கிழமை அக்கா வாட்ஸப்பில் ஒரு பி.டி.எஃப். அனுப்பினாள். "தம்பி, வரும்போது திருவள்ளூர்ல இறங்கி இத பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வந்துடு." திறந்து பார்த்தேன். என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பு ஆங்கில அசைன்மென்ட், விடைகளோடு. நானூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறாள். பையன் அதைப் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுதி ஒப்படைத்துவிட்டால் வேலை முடிந்தது. இதில் ஒளிவுமறைவெல்லாம் கிடையாது, இணையத்தில் தேடினால் கடை விரித்து வைத்திருக்கிறார்கள்.

பையன் ஒன்பதாம் வகுப்பு பாதியில் பள்ளியைவிட்டு நின்றவன். ஏன் நின்றான் என்பது தனிக்கதை. இப்போது திருப்பாச்சூரில் வீட்டிலிருந்தே படிக்கிறான். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989-இல் வந்தது. பள்ளிக்கூடம் துரத்திவிட்ட பிள்ளைகளுக்கு அதைப்போல இடம் கொடுக்கிற அமைப்பு இந்த நாட்டில் அதிகம் இல்லை. பதினான்கு வயது ஆனால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஐந்து பாடம். தேற 33 சதவீதம். ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது முறை எழுதிப் பார்க்கலாம். வேறு போர்டில் தேறிய பாடம் இருந்தால் இரண்டு வரைக்கும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். எழுத்துத் தேர்வில் நூறுக்கு எண்பதுதான், மீதி இருபது அசைன்மென்டுக்கு.

அந்த இருபது மார்க்தான் என் பிரச்சினை. மூன்று மணி நேரக் கெடு இல்லாமல், புத்தகத்தைப் புரட்டி, அடித்துத் திருத்தி, ஒரு பிள்ளை தன் சொந்த வாக்கியத்தை எழுத அந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிற ஒரே இடம் அது. அதைத்தான் நாம் நானூறு ரூபாய்க்கு வாங்குகிறோம்.

அக்காவை மட்டும் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. எதிர்முகாமின் கூத்து வேறு மாதிரி. டெக்சாஸில் என் பழைய டீம்மேட் ஒருவர் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கிறார். அங்கே உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் பட்டியலைப் பெற்றோரே தயாரித்துக்கொள்ளலாம். ஒரு வருஷ ஆங்கிலத்துக்கு ஒரு கிரெடிட், சுமார் 120 மணி நேரம் என்பது அவர் வைத்திருக்கும் கணக்கு. சப்டைட்டிலோடு பார்த்த படம், கேம் ஆடும்போது அடித்த சாட், காரில் கேட்ட பாட்காஸ்ட் எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டு மணி நேரத்தைக் கூட்டுகிறார். "எல்லாமே லேர்னிங்தானே ப்ரோ" என்கிறார். எல்லாமே என்றால் எதுவுமே இல்லை ப்ரோ. அந்த 120 மணி நேரக் கணக்குக்குப் பின்னால் கல்வித் தத்துவமும் பெரிதாக ஒன்றுமில்லை. 1906-இல் கார்னகி அறக்கட்டளை பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கக் கிளம்பியபோது, எந்தக் கல்லூரிக்குத் தகுதி உண்டு என்று பிரிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அங்கிருந்து பரவிய அலகு இது. கோடு எத்தனை வரி அடித்தாய் என்று எண்ணிச் சம்பளம் போடும் மேனேஜரிடம் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நோய் தெரியும்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ப்ளஸ் டூ 1200 மார்க்காக இருந்த காலத்தில் எழுதியவன் நான். ஆங்கிலம் இரண்டு தாள், 200 மார்க். எந்தப் பொருளுக்கு எந்த ஸ்லோகன் என்று பொருத்தினேன், வரைபடத்தைப் பார்த்து வழி சொன்னேன், கட்டுரைகளை மனப்பாடம் செய்து கொட்டினேன். 174 வாங்கினேன். அதுவரைக்கும் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை முழுசாகப் படித்தவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு டிசைன் டாக்குமென்ட் எழுதச் சொன்னார்கள். இரண்டு பக்கம். மூன்று நாள் ஆனது. டீம் லீட் படித்துவிட்டு, "இதுல நீ என்ன சொல்ல வர்ற?" என்று கேட்டார். பன்னிரண்டு வருஷப் படிப்பில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ஏனென்றால் நான் எதுவும் சொல்ல வந்ததே இல்லை.

ஆர்.கே. நாராயணை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பிறந்தவர், அப்பா மைசூரில் ஹெட்மாஸ்டர். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார், அதுவும் ஆங்கிலத்தில். ஒரு வருஷம் வீட்டில் இருந்து இஷ்டத்துக்குப் படித்தார், எழுதினார். 1926-இல் தேர்வில் தேறினார், 1935-இல் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' வந்தது. இந்தக் கதையைச் சொன்னதும் "பாத்தியா, தேர்வெல்லாம் வேஸ்ட்" என்று கிளம்புவார்கள். அது இல்லை விஷயம். அந்த ஒரு வருஷத்தை யார் எந்த மணிக்கணக்கில் ஏற்றியிருப்பார்கள்? ஆனால் அவர் படித்த ஆங்கிலம் அதுதான். புத்தகத்தை முழுசாகப் படித்தார், அப்புறம் உட்கார்ந்து எழுதினார். அவர் எழுதியதை அம்மா அப்பா இல்லாத ஒருவர், ஆக்ஸ்ஃபோர்டில் கிரஹாம் கிரீன், படித்தார்.

எனக்குத் தெரிந்து கணக்கில் சேர வேண்டியது இவ்வளவுதான். பையன் முழுசாக ஒன்றைப் படித்தானா, அதைப் பற்றித் தன் வாக்கியத்தில் எழுதினானா, வெளி ஆள் ஒருவர் அதைப் படித்துவிட்டு "புரியல, திரும்ப எழுது" என்று சொன்னாரா. மீதியெல்லாம் பொழுதுபோக்கு, இல்லையென்றால் நானூறு ரூபாய்.

அன்றைக்குப் பிரிண்ட் போடாமலேயே வீட்டுக்குப் போனேன். அக்காவுக்கு ஆத்திரம்.

"நீ மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டு நியாயம் பேசுற. இவன் இதுல போயிட்டான்னா ஐ.டி.ஐ.ல கூட சேத்துக்க மாட்டான்டா. எனக்கு முப்பத்து மூணு வேணும். அவ்ளோதான்."

அவள் சொன்னதற்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை. சர்டிஃபிகேட் இல்லாத பையனுக்கு இலக்கியம் பேசுவது சுலபம். பேசுகிறவனுக்குச் சர்டிஃபிகேட் இருப்பதால்.

ஆனால் அந்த வீட்டிலேயே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. மாமா பக்கத்துத் தொழிற்பேட்டையில் பிரஸ் ஓட்டுகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போனது. "கவனமில்லாம இருந்துட்டேன்" என்பதுதான் அவர் எல்லோரிடமும் சொல்வது. கம்பெனியிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். பையன் அந்த மெஷினின் மேனுவலை எங்கிருந்தோ தேடி டவுன்லோடு செய்து, டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு பாதுகாப்பு அத்தியாயம் முழுவதையும் படித்திருக்கிறான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். ஒரு பட்டனை எந்தக் காரணத்துக்காகவும் நிரந்தரமாகக் கட்டி வைக்கக் கூடாது. மாமாவிடம் கேட்டான். "அது ஒண்ண கட்டித்தான்டா வெச்சிருப்பாங்க, அப்பதான் பீஸ் எண்ணிக்கை வரும்" என்றார். இரண்டு பட்டனும் சரியாக வேலை செய்கிறது என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு படிவம் உண்டு. அதில் தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது கையெழுத்துப் போடுகிறவர் மாமாதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை.

இதையெல்லாம் பையன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் அசைன்மென்ட் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். வீட்டில் உள்ள ஒருவரின் வேலையைப் பற்றி எழுதச் சொல்லி அதில் ஒரு கேள்வி இருந்தது. வாங்கிய பி.டி.எஃப்.பில் அதற்கு விடையாக ஒரு டாக்டர் அப்பா இருந்தார். காலையில் ஜாகிங் போகிறார், ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கிறார்.

"மாமா, இத எழுதினா மார்க் போடுவாங்களா?" என்று கேட்டான்.

"தெரியலடா. எழுது. நான் படிக்கிறேன்."

முதல் தடவை எழுதியதில் எல்லா வாக்கியமும் 'மை ஃபாதர்' என்றே தொடங்கியது. எந்தப் பட்டன், யார் கட்டினார்கள் என்று புரியவில்லை. திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை புரிந்தது. இலக்கணப் பிழை எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஏழைத் திருத்தச் சொன்னேன், நான்கை விட்டுவிட்டேன். மீதிக் கேள்விகளுக்கு அக்கா அந்த பி.டி.எஃப்.பையே எழுத வைத்தாள். நானும் தடுக்கவில்லை.

ராத்திரி சாப்பிட்டு முடித்து, மாமா அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. பையனைக் கூப்பிட்டு, "என்ன எழுதியிருக்க, தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னான். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"கம்பெனி பேரு போடலல்ல?"

"போடல ப்பா."

"சரி, குடுத்துடு" என்றார்.